சமத்தில் சேராத தாளம்: ஒலிவியே மெஸ்ஸியானின் இசையும் நம் தேசி தாளங்களும்

ஐரோப்பிய சங்கீதத்தின் இருபதாம் நூற்றாண்டுச் சரித்திரத்தைப் படிக்கிறவர்கள், புதுமை என்பது பழைமையோடு சண்டையிட்டுப் பிரிந்து போவதுதான் என்னும் அபிப்பிராயத்துக்கு எளிதில் வந்துவிடுவார்கள்; ஷோன்பெர்க் ஆதார சுருதி என்ற கட்டையே கைவிட்டதும், ஸ்ட்ராவின்ஸ்கியின் நாட்டிய இசை 1913-ல் பாரிஸ் அரங்கமொன்றில் பெருங்கூச்சலை எழுப்பியதும் அந்த அபிப்பிராயத்துக்கு அனுகூலமாகவே இருக்கின்றன. ஆனால் அதே பாரிஸில், ஒரே தேவாலயத்தின் ஆர்கன் வாத்தியத்துக்கு முன்னால் அறுபது ஆண்டுகளுக்கு மேல் அமர்ந்து பூசைக்கு வாசித்துக்கொண்டு, தாம் பிறந்த கத்தோலிக்க விசுவாசத்தில் அணுவளவும் சலனமில்லாமல் வாழ்ந்த ஒருவர், கலகக்காரர்கள் எவரும் தொடாத ஓர் இடத்தைத் தொட்டு மாற்றிவிட்டுப் போனார். ஸ்வரங்களை மாற்றியவர்கள் பலர். இசைக்குள் ஓடும் காலத்தையே பிரித்து வேறு விதமாகக் கட்டியவர் ஒலிவியே மெஸ்ஸியான்.

இவரைப் பற்றித் தமிழில் எழுதுவதற்கு நமக்கு விசேஷமான காரணமொன்று உண்டு. தேவகிரி யாதவ மன்னர் சிங்கணரின் ஆதரவில் பதின்மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த சார்ங்கதேவர், தம் 'சங்கீத ரத்னாகர'த்தில் வரிசைப்படுத்திய 120 தேசி தாளங்களை, ஏறக்குறைய எழுநூறு ஆண்டுகளுக்குப் பிறகு இந்தப் பிரெஞ்சுக்காரர் கண்டெடுத்துத் தம் சிருஷ்டிக்கு அடித்தளமாக்கிக்கொண்டார். இதைக் கேட்டதும் நம் பெருமை பேசிக்கொள்ளவும் தோன்றும். கடன் வாங்கியவர் பொருளின் பயனை அறியாமல் வாங்கினார் என்று குறை சொல்லவும் தோன்றும். இரண்டுக்கும் இடமுண்டு, ஆயினும் இரண்டும் விஷயத்தின் மையத்துக்கு வரவில்லை என்பதையே இக்கட்டுரையில் காட்ட விரும்புகிறேன்.

மெஸ்ஸியான் 1908-ஆம் ஆண்டு டிசம்பர் 10-ஆம் தேதி தென் பிரான்சின் அவிஞோன் நகரத்தில் பிறந்தார். தந்தை பியேர் மெஸ்ஸியான் ஆங்கில ஆசிரியர். ஷேக்ஸ்பியரைப் பிரெஞ்சில் மொழிபெயர்த்தவர். தாய் செசில் சோவாஜ் கவிஞர். தம் வயிற்றிலிருந்த குழந்தையை நோக்கி அவர் எழுதிய கவிதைகள் ஒரு தனித் தொகுதியாகவே அமைந்தன, அக்கவிதைகள்தாம் தம் விதியை நிர்ணயித்தன என்று மகன் கடைசிவரை நம்பினார். முதல் உலக யுத்தத்தில் தந்தை போர்முனைக்குச் சென்றுவிட, மலைகள் சூழ்ந்த கிரெனோபிளில் தாயோடும் தம்பியோடும் வளர்ந்த சிறுவன், பொம்மை நாடக மேடை ஒன்றை அமைத்து, நிறக் காகிதங்களின் வழியே வெளிச்சம் பாயவிட்டு, தம்பிக்கு ஷேக்ஸ்பியரை நடித்துக் காட்டுவானாம். வர்ணமும் ஒளியும் அவருடைய இசையில் பின்னர் வகித்த ஸ்தானத்தை அறிந்தவர்களுக்கு இச்செய்தி அற்பமாகத் தோன்றாது. பத்து வயதில், நாந்த் நகரத்து ஆசிரியர் ழெயான் தெ ஜிபோன் அவருக்கு டெபுஸ்ஸியின் 'பெல்லேயாவும் மெலிஸாந்தும்' என்ற இசை நாடகத்தின் ஸ்வரப் புத்தகத்தைப் பரிசளித்தார். ஒரு மாகாண ஆசிரியர் பத்து வயதுப் பிள்ளைக்கு அந்நாளில் கொடுக்கத் துணியாத புத்தகம் அது. அந்த நல்ல மனிதரின் துணிவுக்கு உலகம் கடன்பட்டிருக்கிறது.

1919-ல் பாரிஸ் அரசு இசைக் கல்லூரியில் சேர்ந்தார். இசையமைப்பைப் பால் துக்காவிடமும், ஆர்கனை மார்செல் துப்ரேயிடமும் பயின்றார். இசைச் சரித்திரம் கற்பித்த மொரிஸ் எமானுவேல், பண்டைய கிரேக்கக் கவிதையின் அடிகளைக் குறித்துச் சொன்ன பாடங்கள் அவர் மனத்தில் வேரூன்றின. 1931-ல், இருபத்திரண்டு வயதில், பரிசுத்த திரித்துவ ஆலயத்தின் ஆர்கன் பொறுப்பு அவருக்குக் கிடைத்தது. கவாயே-கோல் என்னும் புகழ்பெற்ற ஆர்கன் கைவினைஞர் அமைத்த அந்த வாத்தியத்தை 1992-ல் இறக்கும் வரை அவர் விடவில்லை.

அவர் மாணவராக இருந்த காலத்திலேயே நம் தாளங்கள் அவர் கைக்கு எட்டின. லவிஞாக் பதிப்பித்த பெரிய இசைக் கலைக்களஞ்சியத்தில் ழொவானி குரொஸே என்ற அறிஞர் இந்திய சங்கீதத்தைப் பற்றி எழுதிய நீண்ட பகுதியொன்று உண்டு. அங்கே சார்ங்கதேவரின் 120 தாளங்களும் ஓர் அட்டவணையாக அச்சிடப்பட்டிருந்தன. மெஸ்ஸியானுக்கு சம்ஸ்கிருதம் தெரியாது. பாடகரின் கையோ மிருதங்கத்தின் நாதமோ அந்தப் பக்கத்தில் இல்லை. துருதம், லகு, குரு, புலுதம் என்ற அளவுகள் ஐரோப்பிய ஸ்வரக் குறிகளாக மாறி வரிசையாக நின்றன. அந்த அட்டவணையை அவர் ஆண்டுக்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்தார் என்றே சொல்ல வேண்டும்.

இங்கே ஒரு விஷயத்தை ஒப்பிட்டுப் பார்ப்பது பொருந்தும். இதற்குச் சில ஆண்டுகள் முன்பு, ரவேலின் சீடரான மொரிஸ் தெலாழ் 1912-ல் இந்தியாவுக்கு வந்து சென்றார். கோயம்புத்தூர் தாயியின் இசைத்தட்டைக் கேட்டு மனம் பறிகொடுத்து, அந்தத் தமிழ்ப் பாட்டின் சாயையிலேயே 'ராகமாலிகா' என்ற உருப்படியை இயற்றினார். தெலாழ் காதால் கேட்டார். தாயியின் கமகத்தையும் குரலின் நெளிவையும் பியானோவோடு சேர்த்துப் பிடிக்க முயன்றார். மெஸ்ஸியானோ கேட்காமல் படித்தார். காதால் கேட்டவருடைய கிருதி அழகான ஓவியமாக நின்றுவிட்டது; படித்தவருடைய கையில் ஐரோப்பிய இசையின் காலக் கணக்கே மாறிப்போயிற்று. உயிருள்ள சங்கீதத்தை விரும்புகிற நமக்கு இது ஏற்கக் கடினமான உண்மைதான், ஆயினும் உண்மை.

அவர் அந்த அட்டவணையில் கண்டது என்ன? ஐரோப்பியச் சாஸ்திரிய இசை சுமார் முந்நூறு ஆண்டுகளாகச் சமமான அடிகளை எண்ணி, அவற்றை இரண்டிரண்டாகவோ மூன்று மூன்றாகவோ கட்டுகளில் அடைத்து, அக்கட்டுகளை உள்ளே பிரித்துப் பிரித்து லயத்தைப் படைத்துவந்தது. அங்கே முதலில் இருப்பது முழுமை, பிறகு வருவது பின்னம். தேசி தாளங்களிலோ முதலில் இருப்பது ஒரு சிறு அளவு. அதோடு இன்னொரு அளவு சேர்கிறது, இன்னொன்று சேர்கிறது, எல்லாம் சேர்ந்த தொகையே தாளம். ஒரு துருதத்துக்குப் பின் விராமம் என்ற குறி வந்தால் அதன் அளவு பாதி கூடிவிடும்; ஒழுங்காக நடந்துகொண்டிருந்த நடை அந்த இடத்தில் சற்றே தள்ளாடி, அந்தத் தள்ளாட்டத்தாலேயே புது உயிர் பெறும். மெஸ்ஸியான் இதைப் பற்றிக்கொண்டார். ஒரு சீரான லயத்தில் எங்கோ ஓரிடத்தில் மிகச் சிறிய அளவொன்றைக் கூட்டிவிடுவதை அவர் தம் முதல் விதியாக வைத்தார். கேட்பவனுடைய காலால் இனி அந்த இசைக்கு அணிவகுப்புப் போட முடியாது.

இரண்டாவதாக, முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் மாறாத தாளங்களை அவர் அங்கே கண்டார். 'டேங்கி' என்ற தாளம் குரு, லகு, குரு என்று மூன்றே அங்கங்கள் உடையது. மொரிஸ் எமானுவேல் கற்பித்த கிரேக்க அடி ஒன்றும் அதே வடிவம். இரண்டு பழைய நாகரிகங்கள் ஒன்றையொன்று கேளாமல் ஒரே இடத்துக்கு வந்திருப்பதைக் கண்டு அவர் அடைந்த ஆனந்தம் அவர் எழுத்தில் தெரிகிறது. திருஞானசம்பந்தரின் மாலைமாற்றைப் படித்துப் பழகிய நமக்கு, முன்னும் பின்னும் ஒன்றாகும் அமைப்பு விளையாட்டு மட்டுமன்று, ஓர் ஆனந்தம் என்று எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் மெஸ்ஸியானுக்கு அதில் ஒரு தத்துவமும் தென்பட்டது. பின்னோக்கி ஓட்டினாலும் மாறாத ஒரு தாளத்துக்குள் முன்பு என்பதும் பின்பு என்பதும் இல்லை. காலம் அங்கே நகர்வதை நிறுத்திவிடுகிறது. 1944-ல் வெளியிட்ட 'என் இசை மொழியின் நுட்பம்' என்ற நூலில் இத்தகைய லயங்களையும் தம்முடைய ஸ்வர வரிசைகளையும் ஒன்றோடொன்று இணையான தத்துவங்களாக அவர் விவரிக்கிறார்.

அந்த ஸ்வர வரிசைகள் ஏழு. நம் சங்கீதத்தில் கிரகபேதம் அறிந்தவர்கள் அவற்றின் இயல்பை உடனே கண்டுகொள்வார்கள். சாதாரணமாக ஒரு மேளத்தின் ரிஷபத்தையோ காந்தாரத்தையோ ஷட்ஜமாகக் கொண்டால் வேறொரு ராகம் பிறக்கும். ஆனால் கோப்ரியா ராகத்தைப் போல, எல்லா ஸ்வரங்களும் சம தூரத்தில் நிற்கும் வரிசையில் எதை ஷட்ஜமாக வைத்தாலும் அதே ராகமே திரும்பி வரும். வேறு எங்கும் போக வழியில்லை. இதுதான் மெஸ்ஸியானின் முதல் வரிசை. மற்ற ஆறும் சற்றே சிக்கலான முறையில் இதே குணம் உடையவை. சில பெயர்ச்சிகளுக்குப் பின் தம் பழைய ஸ்வரங்களுக்கே வந்துவிடும். போக வழியில்லாத ஸ்வர வரிசை, திருப்பினாலும் மாறாத லயம், இவ்விரண்டும் சேர்ந்து பிரயாணம் என்ற எண்ணத்தையே ஐரோப்பிய இசையிலிருந்து எடுத்துவிடுகின்றன. மொசார்ட்டும் பேத்தோவனும் புறப்படுகிறார்கள், அலைகிறார்கள், வீடு வந்து சேருகிறார்கள். மெஸ்ஸியான் புறப்படுவதே இல்லை. இருக்கும் இடத்திலேயே ஒளி மாறுகிறது.

இந்தக் கொள்கைகள் எல்லாம் உயிரோடு ஒன்றாகச் சேர்ந்த இடம், யாரும் எதிர்பாராத ஓரிடம். 1940-ல் ஜெர்மானியப் படையிடம் அகப்பட்ட மெஸ்ஸியான், கோர்லிட்ஸ் நகரத்தை அடுத்த யுத்தக் கைதிகள் முகாமுக்குக் கொண்டு செல்லப்பட்டார். உடன் கைதிகளாக எத்தியேன் பஸ்கியே என்ற செல்லோக் கலைஞரும், ழான் லெ பூலேர் என்ற வயலின் கலைஞரும், அல்ஜீரியாவில் பிறந்த யூதரான ஹென்ரி அகோக்கா என்ற கிளாரினெட் கலைஞரும் இருந்தார்கள். கார்ல்-ஆல்பெர்ட் பிரூல் என்ற ஜெர்மானியக் காவலர், இசை எழுதுவதற்குக் காகிதமும் பென்சிலும் தேடிக் கொடுத்தார். அவ்விதம் உருவான 'காலத்தின் முடிவுக்கான நால்வர் இசை', 1941 ஜனவரி 15-ஆம் தேதி, கடுங்குளிரில், முகாமின் கொட்டகையொன்றில் கைதிகள் முன்னிலையில் அரங்கேறிற்று. முகாம் அதிகாரிகளும் வந்து கேட்டார்கள். பியானோவை மெஸ்ஸியானே வாசித்தார்.

இந்நிகழ்ச்சியைச் சுற்றி ஐதிகங்கள் படர்ந்திருக்கின்றன. அவற்றில் சில மெஸ்ஸியானே சொன்னவை. ஐயாயிரம் பேர் கேட்டார்கள் என்றும், செல்லோவில் மூன்றே தந்திகள் இருந்தன என்றும் அவர் சொல்லிவந்தார். செல்லோ வாசித்த பஸ்கியேயோ, தந்திகள் நான்கும் இருந்தன என்றார். கொட்டகையில் சில நூறு பேருக்கு மேல் இடமிருந்திருக்கவும் முடியாது. எட்டுப் பகுதிகளில் எல்லாம் முகாமில் எழுதப்பட்டவையும் அல்ல. ஐந்தாவது, 1937-ல் பாரிஸ் பொருட்காட்சிக்காக இயற்றிய இசையிலிருந்தும், எட்டாவது, 1930-ல் எழுதிய ஆர்கன் உருப்படியிலிருந்தும் எடுத்தவை. இவற்றைச் சொல்வதால் அந்தச் சிருஷ்டியின் மகத்துவம் குறையும் என்று அஞ்ச வேண்டியதில்லை. மூன்று தந்தி என்ற கதை இல்லாமலே நிற்கக்கூடிய இசை அது. அகோக்கா சில மாதங்களுக்குப் பின், ஓடும் ரயிலிலிருந்து கிளாரினெட்டும் கையுமாகக் குதித்துத் தப்பினார் என்ற செய்தியே ஓர் இதிகாசத்துக்குப் போதும்.

முதல் பகுதியைச் சற்று அருகில் சென்று பார்ப்போம். விடியலுக்கு முந்திய மூன்று மணிக்கும் நான்கு மணிக்கும் இடையில் பறவைகள் விழிப்பதாக மெஸ்ஸியான் குறிப்பு எழுதியிருக்கிறார். கிளாரினெட் கரும்பாடி ஒன்றையும், வயலின் நைட்டிங்கேலையும் ஒத்துப் பாடுகின்றன. அவற்றின் அடியில் பியானோ ஒரு வேலை செய்துகொண்டிருக்கிறது. அதன் வலமும் இடமும் சேர்ந்து வாசிக்கும் ஸ்வரக் கூட்டுகள் 29. அவை முடிந்தால் மறுபடி முதலிலிருந்து வரும். அந்தக் கூட்டுகள் நிற்கும் கால அளவுகளோ 17. ராகவர்த்தனம், சந்திரகலா, லக்ஷ்மீசம் என்ற மூன்று தேசி தாளங்களை ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்த்தால் கிடைக்கும் 17 அளவுகள் அவை. ஆக, பதினேழு முடிந்து லயம் திரும்பும்போது ஸ்வரக் கூட்டு பதினெட்டாவதில் நிற்கிறது. இருபத்தொன்பது முடிந்து கூட்டுகள் திரும்பும்போது லயம் நடுவில் எங்கோ நிற்கிறது. 17, 29 இரண்டும் பகா எண்கள். ஆகவே 493 ஒலிகள் கடந்தாலன்றி இரண்டும் ஒருங்கே தொடக்கத்துக்கு வரமாட்டா. மூன்று நிமிஷத்துக்குள் முடியும் அந்தப் பகுதி, அந்தச் சந்திப்புக்கு வெகு முன்பே நின்றுவிடுகிறது. செல்லோவும் ஐந்து ஸ்வரங்களை 15 கால அளவுகளில் வைத்துத் தன் சுழலில் தனியே சென்றுகொண்டிருக்கிறது.

நம் தாளத்துக்கும் இவருடைய தாளத்துக்கும் உள்ள பேதம் இந்த இடத்தில்தான் தெளிவாகிறது. நமக்குத் தாளம் என்பது சுழன்று திரும்பும் ஆவர்த்தனம். கையால் போடப்பட்டு, பாடகராலும் பக்கவாத்தியக்காரராலும் ரசிகராலும் ஒன்றாகக் காக்கப்படுவது. தனி ஆவர்த்தனத்தில் மிருதங்க வித்துவான் எவ்வளவு தூரம் விலகிப் போனாலும், கோர்வையை மூன்று முறை வாசித்துச் சமத்திலோ எடுப்பிலோ வந்து விழும்போது சபை முழுவதும் ஒரு மூச்சு விடுகிறது. 128 அட்சரமுடைய சிம்மநந்தன தாளத்தில் மகா வைத்தியநாதையர் தில்லானா இயற்றினார் என்றால், அத்தனை நீளத்தையும் கடந்து வந்து சேர முடியும் என்பதை நிரூபிப்பதே அதன் சாதனை. மெஸ்ஸியானின் பக்கங்களில் ஆவர்த்தனம் இருக்கிறது; சமம் இல்லை. நம்மவர்கள் சமத்தில் வந்து சேருவதற்காகக் கணக்குப் போடுகிறார்கள். இவர் ஒருபோதும் சேராமல் இருப்பதற்காகவே கணக்குப் போட்டார். மனிதன் எண்ணி முடிக்க முடியாத ஒரு சுழற்சியின் சிறு துண்டை மட்டும் கேட்கக் கொடுத்து, மீதி எங்கோ தொடர்ந்துகொண்டிருக்கிறது என்று உணரச் செய்வது அவருடைய நோக்கம். திருவெளிப்பாடு நூலில், இனிக் காலம் இராது என்று அறிவிக்கும் தேவதூதரை வணங்கித்தான் அந்த நால்வர் இசையையே எழுதினார். ஆதலால், தாளத்தின் உயிரை அவர் அறியவில்லை என்று குறைப்படுவது பாதி உண்மையே. அவர் அறிந்தெடுத்தது தாளத்தின் உடலை. அதற்கு வேறொரு உயிரை, தம் மதத்திலிருந்தும் தம் தியானத்திலிருந்தும், அவரே கொடுத்தார்.

1941-ல் விடுதலையாகிப் பாரிஸ் திரும்பிய மெஸ்ஸியான், தாம் படித்த கல்லூரியிலேயே ஆசிரியரானார். இருபதாம் நூற்றாண்டின் மிக முக்கியமான வகுப்பறை அதுவென்று சொன்னால் மிகையாகாது. பியேர் பூலெஸ், ஸ்டாக்ஹவுசன், க்ஸெனாகிஸ், பின்தலைமுறையில் குரிஸே, மியூராய், ஜார்ஜ் பெஞ்சமின் என்று ஒருவரையொருவர் சற்றும் ஒத்திராத மாணவர்கள் அங்கிருந்து புறப்பட்டார்கள். கட்டடப் பொறியியல் பயின்று வந்த கிரேக்க அகதி க்ஸெனாகிஸிடம், பழைய பாடங்களை மீண்டும் முதலிலிருந்து படிக்க வேண்டாம், உமக்குத் தெரிந்த கணிதத்தையே இசையாக்கும் என்ற கருத்தில் அவர் புத்தி சொன்னார். ஆசிரியர் தம்மைப் போன்றவர்களை உண்டாக்காமல், மாணவரிடம் இருப்பதையே வெளிக்கொணர்ந்ததற்கு இதைக் காட்டிலும் நல்ல உதாரணம் தேட வேண்டியதில்லை. 1949-ல் அவர் எழுதிய 'மதிப்பும் வலிமையும்' என்ற சிறு பியானோ உருப்படியில் ஸ்வரத்தின் இடத்தைப் போலவே அதன் நீளம், வலிமை, தொடும் விதம் ஆகிய ஒவ்வொன்றையும் தனித்தனியே நிர்ணயித்துவிட்டார்; பூலெஸும் ஸ்டாக்ஹவுசனும் அதைப் பற்றிக்கொண்டு ஒரு தலைமுறையின் இசையையே அத்தகைய கட்டுப்பாட்டில் அமைத்தார்கள். ஆனால் அவரோ அந்தப் பாதையில் மேலே செல்லவில்லை. வழியைத் திறந்து வைத்துவிட்டுப் பறவைகளிடம் போனார்.

அதற்கு முன் 'துரங்கலீலா'வைச் சொல்ல வேண்டும். பாஸ்டன் இசைக் குழுவுக்காக செர்கே குஸவிட்ஸ்கி கேட்டுக்கொள்ள, 1946 முதல் 1948 வரை எழுதப்பட்டு, 1949 டிசம்பர் 2-ஆம் தேதி லியோனர்ட் பெர்ன்ஸ்டைனின் தலைமையில் அரங்கேறிய இந்தப் பத்துப் பகுதிச் சிம்ஃபனிக்கு, சார்ங்கதேவரின் தாளங்களில் ஒன்றின் பெயரையே அவர் வைத்தார். மாபெரும் வாத்தியக் குழுவும், பியானோவும், மொரிஸ் மார்த்தனோ கண்டுபிடித்த மின் வாத்தியத்தின் அலறும் குரலும் சேர்ந்து, சுமார் 80 நிமிஷம் காதலையும் சிருஷ்டியையும் பாடுகின்றன. அதன் இனிமை திகட்டுகிறது என்றும் கண்ணியம் தப்பிப் போகிறது என்றும் குறை கூறியவர்களில் அவருடைய மாணவர் பூலெஸே முன்னணியில் நின்றார். நான் பூலெஸின் கட்சியில் இல்லை. ஆயினும் ஐந்தாம் பகுதியின் ஆனந்தக் களிப்புக்குப் பின் வரும் ஆறாம் பகுதியின் நீண்ட அமைதி இல்லாவிடில் அந்தச் சிம்ஃபனியின் பளுவைத் தாங்குவது கடினமாகத்தான் இருக்கும். ஒரு பாத்திரத்தை விளிம்பு வரை ஊற்றி, பிறகும் ஊற்றுகிற சுபாவம் அவருக்கு இருந்தது. அது குறைதான், பக்தர்களிடம் பொதுவாகக் காணும் குறை.

அவ்வாண்டுகள் அவர் வாழ்வில் துக்கம் நிறைந்தவை. 1932-ல் மணந்த வயலின் கலைஞர் கிளேர் டெல்போ, ஒரு சத்திர சிகிச்சைக்குப் பின் நினைவை இழந்து, நீண்ட காலம் மருத்துவ இல்லத்தில் இருந்து, 1959-ல் காலமானார். மகன் பஸ்காலைத் தந்தையே வளர்த்தார். மாணவியாக வந்து, அவருடைய பியானோ இசைக்கெல்லாம் கையாகவும் இருந்த இவோன் லோரியோவை 1961-ல் அவர் மணந்தார். இச்செய்திகளை அவர் இசையில் தேடுவது வீண். சொந்தத் துயரத்தை ஒரு ஸ்வரமாகவும் அவர் எழுதவில்லை.

பறவைகளோடு அவர் கொண்ட உறவு, பலர் நினைப்பதுபோல் கவிஞனின் உல்லாசம் அன்று. ழாக் தெலமேன் என்ற பறவை அறிஞரிடம் பாடம் கேட்டு, விடியலுக்கு முன் எழுந்து, குறிப்பேடும் பென்சிலுமாகக் காட்டிலும் சதுப்பிலும் அமர்ந்து எழுதினார். பறவை பாடுவதோ மனித வாத்தியங்களுக்கு எட்டாத வேகத்திலும் உச்ச ஸ்தாயியிலும். ஸ்வரங்களுக்கு இடையேயுள்ள நுண்ணிய சுருதிகளில் பியானோ இறங்கவும் முடியாது. ஆகவே அவர் வேகத்தைக் குறைத்து, ஸ்தாயியைத் தாழ்த்தி, சின்ன இடைவெளிகளை அதே விகிதத்தில் அகலமாக்கினார். பறவையின் குரலுக்குரிய வர்ணத்தைப் பிடிக்க ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் ஒரு தனிக் கூட்டைக் கீழே வைத்தார். 1956 முதல் 1958 வரை எழுதிய 'பறவைகளின் பட்டியல்' 13 உருப்படிகள் கொண்டது. ஒவ்வொன்றும் பிரான்சின் ஒரு மாகாணத்தைச் சேர்ந்த ஒரு பறவையை மையமாகக் கொண்டு, அதன் அண்டை அயலாரையும், பாறையையும், நீரையும், சூரியன் எழுந்து சாயும் வேளைகளையும் சேர்த்துக்கொள்கிறது. நாணற்காட்டில் வாழும் சிறு பறவை ஒன்றைப் பற்றிய நடு உருப்படி மட்டும் அரை மணி நேரத்துக்கு நீளும். நள்ளிரவில் தொடங்கி மறுநாள் இரவு மூன்று மணி வரையுள்ள 27 மணி நேரம் அதில் அடங்கியிருக்கிறது. அதற்குச் சற்று முன் எழுதிய 'அயல்நாட்டுப் பறவைகள்' என்ற கிருதியில் நம் சோலைபாடியும் மலைமைனாவும் அமெரிக்கப் பறவைகளோடு சேர்ந்து பாட, அடியில் தோற்கருவிகளும் உலோகக் கருவிகளும் தேசி தாளங்களையும் கிரேக்க அடிகளையும் தட்டிக்கொண்டிருக்கின்றன.

பறவையைத் தேடிப் போனதும் தாளத்தைத் தேடிப் போனதும் ஒரே காரியமே என்று எனக்குத் தோன்றுகிறது. பறவைக்குக் கட்டு இல்லை. அடி எண்ணத் தெரியாது. சமத்தில் வந்து விழ வேண்டிய கட்டாயம் அதற்கில்லை. மனிதன் சேர்த்து வைத்த சமமான அடிகளிலிருந்து விடுபட்ட லயத்தை மெஸ்ஸியான் முதலில் ஒரு பழைய சாஸ்திர நூலின் அட்டவணையில் கண்டார். பின்னர் மரக்கிளையில் கண்டார்.

ஒலியைக் கேட்கும்போதே உள்ளத்தில் வர்ணங்களைக் காண்கிற இயல்பு அவருக்கு இருந்ததை எல்லோரும் எழுதியிருக்கிறார்கள்; அதை நான் விரிக்கவில்லை. சிறு வயதில் பாரிஸின் சேந்த்-ஷபெல் கோவிலில் கண்ட நிறக்கண்ணாடிச் சாளரங்களின் ஒளி அவரை விடவே இல்லை என்பது போதும். அவருடைய பெரிய கிருதிகளில் வளர்ச்சி இல்லை, துண்டுகள் பக்கத்தில் பக்கத்தில் வைக்கப்பட்டிருக்கின்றன என்று குறை கூறுகிறவர்கள், அந்தச் சாளரங்களும் அவ்விதமே பக்கத்தில் பக்கத்தில்தான் நிற்கின்றன என்பதை நினைக்க வேண்டும்.

1983 நவம்பர் 28-ஆம் தேதி பாரிஸ் ஓபராவில், ஸெய்ஜி ஒஸாவாவின் தலைமையில், 'அசிசியின் புனித பிரான்சிஸ்' அரங்கேறியது. சதையும் சூழ்ச்சியும் கொலையும் ஆட்சி செய்யும் இசை நாடக உலகத்துக்குள், காதலும் சண்டையும் இல்லாமல், ஒரு துறவி கிருபையில் படிப்படியாக ஏறுவதை மட்டும் நான்கு மணி நேரத்துக்கு மேல் காட்டும் எட்டுக் காட்சிகளைக் கொண்டுவந்து நிறுத்தினார். தேவதூதரின் வருகையைக் குறிக்கும் பறவையின் குரலுக்காக நியூ கலிடோனியாவுக்கே போய்வந்தவர் அவர். பறவைகளுக்குப் பிரான்சிஸ் உபதேசம் செய்யும் ஆறாம் காட்சி மட்டுமே முக்கால் மணி நேரம் ஓடும். அதில் சில வாத்தியக்காரர்கள் நடத்துநரின் கைக்குக் கட்டுப்படாமல் தத்தம் பறவையைத் தத்தம் வேகத்தில் வாசிக்கிறார்கள். முகாமில் நால்வருக்கு எழுதிய அதே எண்ணம், நாற்பது ஆண்டுகளுக்குப் பின், ஒரு முழு வாத்தியக் குழுவுக்கு விரிந்திருக்கிறது.

1992 ஏப்ரல் 27-ஆம் தேதி மெஸ்ஸியான் காலமானார். கடைசியாக முடித்த 'அப்பாலைப் பற்றிய மின்னொளிகள்' என்ற பதினொரு பகுதிக் கிருதியை அவ்வாண்டு நவம்பரில் நியூயார்க் பில்ஹார்மானிக் குழுவினர் முதன்முதலாக வாசித்தார்கள். நடத்தியவர் பம்பாயில் பிறந்த ஜூபின் மேத்தா. ஆண்டுக்கணக்கில் அவர் எழுதிவந்த லயம், வர்ணம், பறவையியல் பற்றிய பெருநூல் ஏழு தொகுதிகளாக 1994 முதல் 2002 வரை இவோன் லோரியோவின் முயற்சியால் வெளிவந்தது. அதன் முதல் தொகுதியில் 120 தேசி தாளங்களையும் ஒவ்வொன்றாக எடுத்து அவர் ஆராய்ந்திருக்கிறார்.

அந்த அத்தியாயத்தை நம் லய வித்துவான்கள் படித்துப் பதில் எழுத வேண்டும் என்பதே என் வேண்டுகோள். அங்கே அவர் சொல்வதில் எது சார்ங்கதேவருக்கு உரியது, எது அட்டவணையைத் தயாரித்தவருடைய பிழை, எது மெஸ்ஸியானின் சொந்தச் சிருஷ்டி என்று பிரித்துக் காட்ட, தாளத்தைக் கையில் போட்டு வளர்ந்தவர்களே தகுதி உடையவர்கள். நம் பழைய தாளங்களைக் கச்சேரி மேடையில் நாம் பெரும்பாலும் விட்டுவிட்ட காலத்தில், அவற்றைத் தினமும் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு கலைஞருக்கு நாம் செய்யக்கூடிய மரியாதை அது. ரசிகர்களுக்கோ, அந்த நால்வர் இசையின் ஐந்தாம் பகுதியிலிருந்து தொடங்கும்படி சொல்வேன். செல்லோவும் பியானோவும் மட்டும் வாசிப்பது. பிறகு முதல் பகுதியைக் கேளுங்கள், இம்முறை கையில் தாளம் போடாமல்.